நெய்டியின் பிடி

அம்மா, உங்கள் ஆசியை வேண்டிக் கும்பிடுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? ரியோவில் நான் நலம். பயிற்சியில் உரசியதில் காது மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நேற்று ஜுஜிட்சு மல்யுத்தப் பயிற்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. நான் ஆமை போலக் குப்புறச் சுருண்டிருந்தேன். கூடப் பயிலும் நெய்டி என் முதுகின் மேல் கவிழ்ந்து இறுக்கியிருந்தாள். முழங்கையை ஒடுக்கி, அவள் மணிக்கட்டைப் பற்றித் தோள்வழியே உருண்டால் தப்பிவிடலாம். எனக்கு அது அத்துப்படி. ஆனாலும் நான் அசையவில்லை.

“ஏய் ஜுசிலேனி, தூங்கிட்டியா? உருளு! இல்லேன்னா போட்டிக்கு வேற ஆளை அனுப்பிடுவேன்!” என்று மாஸ்டர் கத்தினார்.

“மூச்சு முட்டுதாடி?” என்று நெய்டி காதருகே கேட்டாள்.

“இல்லடி. கொஞ்ச நேரம் இப்படியே இரேன். இங்க வந்ததிலேருந்து என்னை யாரும் கட்டிப் பிடிச்சதே இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. பிடியைத் தளர்த்தி, கன்னத்தை என் முதுகில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் மறுபடி கத்தியதும் உருண்டு வெளியே வந்துவிட்டேன். போட்டிக்கு நான்தான் போகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மரவள்ளி மாவு கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போர்த்திக்கொள்ளும் போர்வையும் வேண்டும், இங்கே குளிர்கிறது. அதைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஜுசிலேனி