ஒன்றுமில்லாத கட்டி

என் அழுத்தக்கார அம்மாவுக்கு,

முதலில் உன்னோடு சண்டை போட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

போன மாதம் வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல்லீரலில் கட்டி, புற்றாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உன்னைக் கொண்டுபோன புற்று வந்த அதே இடம். அன்று பட்டறையில் ஒரு பீங்கான் பொம்மைக்குக்கூட என்னால் நேராகக் கண் வரைய முடியவில்லை.

புதுச்சேரிக்குப் போய், மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "ரத்தக் குழாயெல்லாம் சேர்ந்து முடிச்சு போட்ட மாதிரி ஒரு கட்டிம்மா. புத்து இல்ல. நிறைய பேருக்குத் தெரியாமலே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ பாத்துக்கலாம்." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தோஷத்தில் அழுதேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை! பெண்ணாடத்திலிருந்து உன் தம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டருங்க நேராவா சொல்லுவாங்க? ஒன்னுமில்லன்னா எதுக்கு திரும்ப வரச் சொல்றாங்க?" என்கிறார். இந்த ஊரில் உயிர் போனால் மோட்சம் என்பார்களே, அதையும் விடவில்லை. "வுடு பாப்பா, விருத்தாசலத்துலயே இருக்குற. குடுத்து வச்சவ."

"எனக்கு மோட்சம் வேணாம் மாமா, திங்கக்கெழம வேலைக்குப் போவணும்" என்றேன். பாவம், பிள்ளை மனசைத் தேற்றிக்கொள்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் கிடக்கட்டும். என் மகள், உன் பேத்தி, கடலூரில் டீச்சர் டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, பெட்டியோடு வந்துவிட்டாள். "ஒன்ன வுட்டுட்டு இனிமே எங்கயும் போவமாட்டேன்" என்கிறாள். வெறும் ரத்தக்கட்டிதான்டி என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "ஆயாவும் இதையேதான் சொன்னாங்க" என்றாள்.

"வெறும் ரத்தக்கட்டிடி, கரைஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நீதானே? நீ படுத்த படுக்கையான பிறகுதானே எங்களுக்கு விஷயம் தெரிந்தது? உன் பொய்யை எல்லோரும் நம்பினோம். என் உண்மையை நம்ப ஒரு ஆள் இல்லை. ஏன் அம்மா, என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

நாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போகிறேன். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். அவள் மட்டும் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்கட்டும். திரும்பும்போது கடலூரில் இறங்கிக்கொள்ளப் பெட்டியையும் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.

என்றைக்காவது நிஜமாகவே கெட்ட கட்டி வந்தால், முதலில் அவளிடம்தான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இன்னும் கோபம் தீராத
உன் மூத்த மகள்