அக்கா வீட்டுக் கிளைப்பாதை

யூலை 6, ஞாயிறு

கச்சான் காற்று. ஜன்னல் கதவு விடாமல் அடிக்கிறது. கடதாசி மடித்துச் செருகியும் நிற்கவில்லை.

சீ.கு. ரயில் கிளைப்பாதை முக்கால்வாசி முடிந்தது. (சீனக்குடா என்று ஒவ்வொரு தடவையும் எழுதப் பொறுமை இல்லை.) பிரதான பாதையிலிருந்து பிரிகிற இடம், வளைவு, பற்றைக்காடு, கடற்கரை எல்லாம் கணினி விளையாட்டுக்குள் வந்துவிட்டன. கோச்சி ஓடுகிறது. நடுவில் ஒரு துண்டு மட்டும் பிடிபடவில்லை. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் மதகு ஒன்று. நிலத்தில் அது எங்கே? தண்டவாளத்தைக் கழற்றி எவ்வளவோ காலம். குத்துமதிப்பாகப் போட மனம் வரவில்லை. குத்துமதிப்பாகப் போடுவதென்றால் எதற்கு இத்தனை மாதம்.

மத்தியானம் அக்கா வீட்டில். சுறாப் புட்டு, முருங்கையிலைச் சொதி. சாப்பிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அக்கா உடுப்புத் தோய்க்கிற அந்த நீட்டுக் கல். எத்தனை ஞாயிறு பார்த்த கல். இன்றைக்குத்தான் பக்கத்துக் கல்லும், அதற்குப் பக்கத்துக் கல்லும் ஒரே அளவில் கொத்தப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். வளைந்த செங்கல் கட்டு. மதகேதான். அதற்குள்ளால் கிணற்றுத் தண்ணீர் வழிந்து போகிறது.

அக்கா குசினி அடுப்படியிலிருந்து பாம்பு இருக்கும் எழும்பு என்று கத்தினாள். அத்தான் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

யூலை 7, திங்கள்

கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் மனம் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அளவு எடுக்க வந்த அம்மா ஒருவர் எழுத்துப் பலகையை இரண்டு தரம் வாசித்து முடித்துவிட்டார், நான் ஒன்றுமே குறிக்கவில்லை.

அறைக்கு வந்ததும் வேலை. பிரிகிற இடத்துக்கும் மதகுக்கும் கரையில் மிஞ்சியிருக்கும் பழைய இறங்குதுறைத் தூணுக்கும் கோடு இழுத்தேன். வளைவு அப்படியே போய்ப் பொருந்தியது. வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தின் மேல் சிவப்பில் கீறினேன். பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தாவின் கூரை, அக்காவின் குசினி, அத்தான் புதிதாகக் கட்டிய குளியலறை. சிவப்புக் கோடு எல்லாவற்றுக்கும் மேலால் போகிறது. சரியாக வந்துவிட்டது என்ற சந்தோஷம் மட்டும்.

மூலையில் என் பெயரைப் போட்டு, ரயில் விளையாட்டுக்காரர்களின் முகநூல் குழுவில் ஏற்றினேன். மதகின் படத்தையும்.

யூலை 9, புதன்

காற்று. மண். தலைமயிர் முழுக்கப் புழுதி.

குழுவில் ஒரே பாராட்டு. சமிந்த மூன்று தரம் எழுதிவிட்டான். நேரில் கண்டதில்லை, கொழும்புப் பக்கம், வங்கியில் வேலை. இந்தப் பாதைக்கான கொட்டகை, கைகாட்டி எல்லாம் அவன் செய்து தந்தவை. நம் நாட்டுக் கிளைப்பாதை ஒன்றை இவ்வளவு சரியாக யாரும் கண்டுபிடித்ததில்லை என்று அவன் எழுதி, படத்தையும் சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறான். அதை ஆரார் எல்லாமோ பகிர்கிறார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைக்கிறேன், பிறகு எடுக்கிறேன். முதலாளி கேட்டார், உங்களுக்கு என்ன சுகமில்லையா என்று.

வாங்க: சவர்க்காரம், பாண், ஜன்னலுக்குக் கொளுவிக் கொக்கி.

யூலை 15, செவ்வாய்

அக்காவின் அழைப்பு, கடையில் ஆட்கள் நிற்கும்போது. எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தாள். பின்பக்கம் போய் எடுத்தேன்.

அக்காவின் தெருவுக்கு, அந்தச் சின்ன ஒழுங்கைக்கு, இரண்டு பேர் நாடாவோடு வந்து அளந்தார்களாம். எந்த அலுவலகம், எந்தக் கந்தோர் என்று கேட்டதற்கு, ரயில் காணி பார்க்கிறோம் என்று மட்டும் பதில். கையில் ஒரு கடதாசி.

"எங்கட கூரை அதில தெரியுது சுதா. மேல விரிச்ச நீலப் படங்குகூடத் தெரியுது. அதுக்கு மேலால ஆரோ சிவப்பாக் கோடு கீறியிருக்கினம்."

பின்னேரம் வருகிறேன் என்றேன். போகவில்லை.

யூலை 16, புதன்

போனேன். கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு.

அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அக்காவும் அத்தானும் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, கடைசியில் வந்து குந்திய இடம். ஹாஜரா ராத்தா மூதூரிலிருந்து அப்படித்தான் வந்தார். பற்றையை வெட்டித் தகரம் போட்டு, பிறகு கல் வைத்து, பிறகு சீமெந்து பூசி. எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. சீமெந்துக்கு மண் அரித்தவளே நான்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். கோடு கீறியது நான், படத்தை ஏற்றியது நான், மூலையில் இருப்பது என் பெயர்.

துருவுவதை நிறுத்தவில்லை. பாதிச் சிரட்டை முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அண்டைக்குக் கிணத்தடியில படுத்துக் கிடந்து படம் எடுத்தது இதுக்கோ?"

"ஓம்."

"ஒரு விளையாட்டுக்கோ?"

அதற்கு ஓம் என்று சொல்ல ஏலாமல் போய்விட்டது. அது விளையாட்டு இல்லை என்று சொல்லவும் ஏலாது.

அத்தான் வந்தார். அவருக்கு அக்காவே சொன்னாள், நான் சொல்லியிருந்தால் அப்படிச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போய் ஓட்டோவுக்குள் இருந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஹாஜரா ராத்தா. திங்கட்கிழமை ஒழுங்கை ஆட்கள் எல்லோரையும் கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். கோடு கீறினவன் கை புழுத்துப் போகும் என்றார். அக்கா துருவிய தேங்காயில் ஒரு பிடி எடுத்து அவரிடம் கொடுத்தாள், இடியப்பத்துக்கு. அது நான்தான் என்று அக்கா சொல்லவில்லை.

அவள் சொல்லியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

யூலை 17, வியாழன்

குழுவிலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். கோடு, மதகு, பாராட்டு.

சமிந்த உடனே கேட்டான் ஏன் என்று. அவன் போட்டதையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தான். ஆனால் பகிர்ந்தவர்கள் பகிர்ந்ததுதான், அது என் கையில் இல்லை என்று எழுதினான். அவனில் பிழை இல்லை. சந்தோஷத்தில் செய்தவன். நானும் சந்தோஷத்தில்தான் செய்தேன்.

கடற்கரை வரை நடந்தேன், திரும்பி வந்தேன், திரும்பவும் நடந்தேன். ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு பஸ் நிலையத்துக் குப்பையில் வாய் வைத்துக்கொண்டு நின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யூலை 21, திங்கள்

வெக்கை. கந்தோரில் மின்விசிறி இருந்தும் சுற்றவில்லை.

ஒழுங்கை முழுதும் வந்திருந்தது. கதிரை போதாமல் பாதிப்பேர் சுவரோடு. நான் அக்காவுக்குப் பின்னால். அவள் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போடவில்லை. பழைய பிளானில் கிளைப்பாதை ஒன்று இருக்கிறது, எல்லைக் கல் ஒன்றும் மிச்சமில்லாததால் நிலத்தில் அது எங்கே என்று இவ்வளவு காலமும் தங்களுக்குத் தெரியவில்லை, இப்போது இது கிடைத்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். கடதாசியைத் தூக்கிக் காட்டினார். என் கோடு. அச்சில் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது.

மூலையில் இருக்கும் பெயரை வாசித்தார். இது ஆர் என்று கேட்டார்.

அக்காவின் முதுகு அசையவில்லை. நான் எழும்பினேன்.

"நான்தான் சேர்."

ஹாஜரா ராத்தா திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"அளந்தோ கீறினனீங்கள், தங்கச்சி?"

எத்தனை மாதம். எத்தனை பழைய படம். மூன்று இடமும் மயிரிழை பிசகாமல் பொருந்திய அந்த நேரம். இதெல்லாம் வாய் வரை வந்தது.

"இல்லை சேர். கொம்பியூட்டர் விளையாட்டுக்குக் கீறினது. கோச்சி இப்படி வளைஞ்சு போனா வடிவா இருக்கும் எண்டு சும்மா இழுத்தனான்."

"இந்த மதகு?"

"அது உடுப்புத் தோய்க்கிற கல் சேர். அக்கா வீட்டுக் கல்."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். பிறகு அதிகாரியும் சிரித்தார். விளையாட்டுப் படத்தையா கொண்டுபோய் அளந்தீர்கள் என்று தன் ஆட்களைக் கேட்டார். கடதாசியை மடித்து ஓரமாக வைத்தார். முறையாக நில அளவை செய்ய எழுதிப் போடுவதாகவும், அது வரும் வரை இருக்கிறபடியே இருக்கலாம் என்றும், புதுச் சுவர் மட்டும் எழுப்ப வேண்டாம் என்றும் சொன்னார். அது எப்ப வரும் சேர் என்று அத்தான் கேட்டார். வரேக்க வரும் என்றார். ஒழுங்கை ஆட்களுக்கு அது போதும். இந்த ஊரில் அந்தப் பதிலுக்கு எத்தனை வருசம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டோவில் அக்கா, நான், ஹாஜரா ராத்தா. பாலம் தாண்டிய பிறகு ராத்தா மெல்லச் சொன்னார்.

"நானும் அதில தோய்ச்சிருக்கன் புள்ள. வெறும் தோய்க்கிற கல்லெண்டா அதுக்குக் கீழால தண்ணி போறதில்ல."

அவ்வளவுதான். இறங்கும்போது என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

யூலை 22, செவ்வாய்

விசயம் குழுவுக்கும் போய்விட்டது. கோடு பொய்யாமே என்று ஒருவன் எழுத, அதன் கீழ் இன்னும் பலர். பெண்ணொருத்தி தன் பெயருக்காகச் செய்த கூத்து என்றான் ஒருவன். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

சமிந்த தனியாகக் கேட்டான், உண்மையாகவே ஊகமா என்று. ஓம் என்று அனுப்பினேன். அவனிடம் உண்மை சொல்லலாம். ஆனால் அவனிடம் சொன்னால் அந்த உண்மை இன்னோர் இடத்திலும் இருக்கும், அங்கிருந்தும் வெளியே போகும்.

'சரி' என்று ஒரு சொல் மட்டும் வந்தது. அந்தக் கொட்டகையின் ஓட்டுக்குப் பாசி நிறம் பிடிபட வேண்டும் என்று எத்தனை தரம் மாற்றிச் செய்தவன்.

இன்றைக்குக் கடையில் ஒரு கண்ணாடி வில்லையைக் கீறல் விழச் செய்துவிட்டேன். சம்பளத்தில் பிடிக்கட்டும்.

யூலை 27, ஞாயிறு

நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

காலையில் படியில் செருப்புச் சத்தம். அக்கா. இந்த அறைக்கு அவள் வருவதே குறைவு. கையில் சாப்பாட்டுப் பெட்டி. வந்து கட்டிலில் இருந்தாள், சுற்றிப் பார்த்தாள், ஜன்னலைப் போய் இழுத்துச் சாத்தினாள்.

"எங்க, காட்டு."

"என்னத்தை?"

"அந்தக் கோச்சியை."

கணினியைப் போட்டேன். அவளுக்குக் கதிரை, நான் பக்கத்தில் நின்றேன். பிரிகிற இடத்திலிருந்து ஓடவிட்டேன். வளைவு, பற்றை, ஈச்சை மரங்கள். அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கடல் தெரிந்ததும், இது உள்துறைமுகமெல்லோ என்று தனக்குத்தானே சொன்னாள். மதகடியில் நிறுத்தினேன்.

"இதுதான் உங்கட கிணத்தடி."

வெறும் காடு. செம்மண், இரண்டு மரம்.

"வீடு எங்க?"

"இது அந்தக் காலம் அக்கா. அப்ப வீடு இல்லை."

"வைக்க ஏலாதோ?"

"ஏலும். ஆனா தண்டவாளத்துக்கு மேல வரும்."

"வை."

இருந்தவை எல்லாம் வெளிநாட்டு வீடுகள். தேடி, தகரக் கூரை போட்ட ஒன்றை எடுத்தேன். குசினி இந்தப் பக்கம் என்றாள். திருப்பினேன். கொஞ்சம் கிணற்றுப் பக்கம் என்றாள். நகர்த்தினேன். பக்கத்தில் ராத்தா வீட்டையும் வைக்கச் சொன்னாள். அவவின் வாசல் பெரிது என்றாள். வைத்து முடித்த பிறகு இரண்டு வீட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கோச்சியை விடு."

"அக்கா, வீட்டுக்குள்ளால போகும்."

"போகட்டும். பாப்பம்."

பின்னால் எடுத்துக்கொண்டுபோய் விட்டேன். ஊதியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் ராத்தா வீட்டுச் சுவருக்குள் போனது, குசினிக்குள்ளால் வெளியே வந்தது. பின்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாக. கடைசிப் பெட்டியும் வந்து கரைப் பக்கம் போனது. சுவர் இருந்தது. கூரை இருந்தது. வாசல், படி, எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே.

அக்கா பிடியை விடவில்லை.

"திருப்பி விடு" என்றாள்.