உப்பைப் பார்த்துச் சொன்ன சொல்

மச்சான்,

உப்பள வாசலில் நான் கட்டிய "ஆள் தேவை" அட்டையில் பாதியை இன்று காலை ஓர் ஆடு தின்றுவிட்டது. பத்து நாளாக அந்த அழைப்புக்கு மறுமொழி தந்த ஒரே ஜீவன் அதுதான். மிச்சத்தைப் பிடுங்கித் திருப்பினால், உன் கையெழுத்து; உன் பழைய அட்டையின் முதுகில்தான் நான் எழுதியிருக்கிறேன். ஆட்களின் பேரும், பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு குறிப்பும். முதல் பேர் ஹாஜரா: "வாருகிற உப்பில் சேறு இருக்காது."

நீ மேற்பார்வை பார்த்த காலத்தில் இந்த வாசலில் அட்டை தொங்கியதில்லை. கரைத்தீவிலிருந்து ஹாஜரா வந்தாள்; தங்கையைக் கூட்டிவந்தாள்; தங்கை பக்கத்து வீட்டாரை. இன்னும் ஒரு வருடம் நீ இருந்திருந்தால் கொழும்பே காலியாகி இங்கே உப்பு வாரும் பலகையோடு நின்றிருக்கும். நீ செய்ததோ இவ்வளவுதான்: ஒவ்வொரு குவியலின் முன்னும் குனிந்து, ஒரு கல் உப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாய். "இது உங்கட கை, தங்கச்சி. பாத்ததுமே தெரியுது" என்பாய். போய்விடுவாய். அவர்களுக்கு நீ நானா, கூடப்பிறக்காத அண்ணன்.

"ஏன்டா, உப்புக்கு மாப்பிள்ள பாக்குறியா?" என்று கேட்டேன்.

"உனக்குக் கதைக்கத்தான் தெரியும் மச்சான். பாக்கத் தெரியாது."

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு முதலாளி என்னை உன் இடத்தில் வைத்தார். உப்புலகச் சக்கரவர்த்தியாகக் குடைக்குக் கீழே கதிரை போட்டு அமர்ந்தேன். மூன்று மாதம் ஒரு குவியலருகிலும் போகவில்லை. ஒரு நாள் மேகம் கறுத்தது. பாத்திகளில் பாதி உப்பு வாராமல் கிடந்தது. அடுத்த உப்பளத்தில் ஹாஜராவைக் கூப்பிடுகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. அவள் போனால் மற்றப் பதினொரு பேரும் போவார்கள். பதறி எழுந்து முழங்கினேன்:

"ஹாஜரா! உன்ட உப்பக் கண்டு சந்திரனே வெக்கத்துல முக்காடு போட்டுட்டான்! கடல் உனக்கிட்டப் பாடம் படிக்க வரிசையில நிக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பலகையை வரப்பில் சாத்தினாள்.

"மூணு மாசமா என்ட சலாத்துக்குக் கூடத் திரும்பிப் பாக்கல்ல. இண்டைக்கு நக்கலடிக்க நான்தான் கெடச்சனா, நானா?"

நக்கல் இல்லை மச்சான், அல்லாஹ் அறிய. ஆனால் நாற்பது வருடம் ஊதிப் பெருக்கியே பழகிய வாயை யார் நம்புவார்? அவள் போனாள், பதினொரு பேரும் போனார்கள். இரண்டாம் நாள் மழை வந்து பாத்தியில் கிடந்ததையெல்லாம் கரைத்தது.

கரைத்தீவுக்குப் போனேன். பஸ்ஸில் உன் வசனத்தையே மனப்பாடம் செய்தேன். வேலியோரம் நின்று ஒப்புவித்தேன்: "அது உங்கட கை, தங்கச்சி. பாத்ததுமே தெரியுது."

"எந்தக் குவியல நானா பாத்தீங்க?"

நான் வேலிக் கம்புகளை எண்ணத் தொடங்கினேன்.

"அந்த நானா உப்பப் பாத்துட்டுச் சொன்னாரு. நீங்க ஆள் இல்லாததப் பாத்துட்டுச் சொல்றீங்க. இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சீனி போட்ட தேத்தண்ணிதான். கசந்தது.

மழைக்காலம் போய் மறுபடி வெயில் வந்துவிட்டது. அவள் கடைசியாக வாரிய குவியல் மட்டும் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே தப்பிக் கிடக்கிறது. இன்று உன் அட்டையைப் படித்த பிறகுதான் கிடுகை விலக்கி, ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்தேன். சேறு ஒரு பொட்டும் இல்லை.

அந்தக் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிறேன். இப்போது பார்த்துவிட்டேன், இப்போது சொல்லலாம். அடுத்த உப்பளத்தில் ஹாஜரா வாரிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவளுடைய குவியலின் முன்னால் யாரோ ஒருவர் குனிந்து நிற்கிறார்.