மூன்றாவது பெயர்

28 ஜூலை 2025, திங்கள்

ஆடிப்பூரத் தேர். உள்ளூர் விடுமுறை. பத்தாம் வகுப்பு கணக்குத் தாள் நாற்பது திருத்தினேன். மகள் அக்சாவுக்கும் கல்லூரி இல்லை. ஏதோ கட்டுரை எழுதவேண்டுமாம். மெஷின் மேல் போனைக் காட்டினால் பணம் போகிறதே, அந்த என்.எஃப்.சி. போனுக்குள் எப்படி வந்தது என்று. 2002-ல் ஒரு ஜப்பான் கம்பெனியும் ஒரு நெதர்லாந்துக் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்ததாம்.

‘அப்பா அப்போ பின்லாந்துல போன் கம்பெனிலதான் இருந்தாங்க, கேளு’ என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன். 2005-ல் வேலையைவிட்டு அனுப்பப்பட்டு வந்தவர். பிறகு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரிப்பேர் கடைதான். அந்தப் பேச்சு இந்த வீட்டில் எடுப்பதில்லை.

30 ஜூலை, புதன்

அடுப்பை இன்னும் துடைக்கவில்லை.

அக்சா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். 2004-ல் பதிவான ஒரு காப்புரிமை. பேட்டரியின் உலோகம் அலையை விழுங்கிவிடுமாம். அப்படி விழுங்காமல் இருக்க, ஆன்டெனாவுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைக்கும் முறை. கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது பெயர்: பால்துரை தேவசகாயம். அவள் அப்பா பெயரேதான்.

வேறு யாராவது இருக்கும் என்றேன்.

“பின்லாந்துல இன்னொரு பால்துரை தேவசகாயமாம்மா?”

பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

31 ஜூலை

அவரிடமே கேட்டேன். “ஆமா, என் பேருதான்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

2 ஆகஸ்ட், சனி

எழுதாமல் இருக்க முடியாது.

அக்சா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன் — இப்படிப்பட்ட ஆளை எதுக்கு அனுப்பினாங்க?

“அவங்க அனுப்பல. நாந்தான் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.”

ஏன்?

அக்சா பிறந்து ஏழாவது வாரம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நான் ஏறி நின்றேனாம். என் அம்மா பின்னால் வந்து சேலையைப் பிடித்து இழுத்தாளாம். மறுநாள் அவருக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அவர் ராஜினாமா எழுதிவிட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறார்.

எனக்கு நினைவே இல்லை. பிள்ளையைக் கையில் வாங்கப் பயமாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. மதுரையில் ஒரு டாக்டர், தூங்கித் தூங்கி விழுந்தது — அவ்வளவுதான். சுவர்? நானா?

“காரணத்தைச் சொன்னா எங்க வீட்ல ஒன்னயப் பைத்தியம்னு சொல்லி, பிள்ளைய வாங்கிட்டு ஒங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாக. அதான் தொரத்திட்டாங்கன்னு சொன்னேன்.”

கரண்ட் பில் கட்டியதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

3 ஆகஸ்ட்

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மாடிக்கும் போகவில்லை.

9 ஆகஸ்ட்

எத்தனை தடவை. அக்சா எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அவள் முன்னாலேயே, “தொரத்திவிட்ட ஆளுக்கு வாய் எதுக்கு” என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ போனின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கோபமும் வருது. என்னைக் கேக்காம எனக்காக இருவது வருசம் ஒரு பொய். நான் குணமாகி டீச்சர் வேலைக்குப் போன பொறவாவது சொல்லிருக்கலாம்லா? நான் தாங்கமாட்டேன்னு எப்படி முடிவு பண்ணினாரு? அம்மாவும் சொல்லாமலே போன வருசம் போய்ச் சேந்துட்டா.

இதை அப்படியே அவரிடம் கேட்டேன். “கேட்டிருக்கணும். தப்புதான்” என்றார்.

17 ஆகஸ்ட்

அக்சாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். சுவர் உட்பட. அவள் வந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் அசன விருந்து. பந்தியில் எதிர் வரிசையில் அவருடைய அண்ணன் ஞானரத்தினம். காப்புரிமைச் செய்தி யார் மூலமோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

“பேரு போட்டு என்ன செய்ய? வெளிய தள்ளிட்டாங்கள்லா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார்.

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

“தள்ளல அத்தான். அக்சா பொறந்தப்ப எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. சாகப் பாத்தேன். என்னயப் பாத்துக்கத்தான் இவிய வேலைய விட்டுட்டு வந்தாக.”

சாம்பார் ஊற்ற வந்த பாலம்மாள் வாளியோடு அப்படியே நின்றாள். அத்தான் தண்ணீரைக் குடித்தார். இவர் மட்டும் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் காது சிவந்திருந்தது.

திரும்பும்போது மடவார் வளாகம் தாண்டி, ஒரு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தினார். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றார். டீ வந்தது. பிறகு, நான் கேட்காமலே, அந்த ஊர்க் குளிரில் முதல் நாள் வேலைக்குப் போனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தகடு வைத்துப் பார்த்ததும் மேஜைமேல் இருந்த போன் முதல்முறையாகக் கார்டைப் படித்ததாம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பாதி எனக்குப் புரியவில்லை. டீ ஆறிவிட்டது. இன்னொன்று வாங்கிக் கொடுத்து, மேலே சொல்லுங்க என்றேன்.