அக்காவின் ஹீட்டர்

நவம்பர் 6, வியாழன்

உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கிறேன், குழாயில் பச்சைத் தண்ணீர். ஹீட்டரின் அடியில் துருநிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பல் கிட்டித்துப்போய்க் குளித்து முடித்தேன். ஆனால் இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும் – உள்ளுக்குள் ஒரே குஷி.

ஏனென்றால் அது அக்காவின் ஹீட்டர்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. இவருடைய முதல் மனைவி. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் பேசி வைத்த மாதிரி என்னிடம் அவளை 'அக்கா' என்றுதான் சொல்வார்கள். "அக்கா அரிசி டப்பாவை இங்கதான் வைப்பா." "அக்காவுக்கு இந்த ஜன்னல் ரொம்பப் பிடிக்கும்." பிறந்த வீட்டில் நான்தான் மூத்தவள். நாற்பது வயதில் எனக்கு ஒரு அக்கா முளைத்திருக்கிறாள்.

ஜன்னலையும் அரிசி டப்பாவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஹீட்டரின் வெள்ளை வயிற்றில் கறுப்பு மார்க்கரில் அவள் கையெழுத்து: 'பாப்பா, சுவிட்சை அணைச்சிட்டுக் குளி. – அம்மா.' மகள் தனியாகக் குளிக்க ஆரம்பித்தபோது எழுதி வைத்ததாம். அந்தப் பாப்பாவுக்கு இப்போது பதினைந்து வயது. இரண்டு வருடமாக நானும் அந்த எழுத்துக்குக் கீழே நின்றுதான் குளிக்கிறேன். கண்ணில் சோப்பு போனால்தான் எனக்கு அவளிடமிருந்து விடுதலை.

நவம்பர் 7, வெள்ளி

மெக்கானிக் வந்தார். ஸ்டூலில் ஏறி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். "உள்ள டேங்க்கே ஓட்டைம்மா. ஒட்டினாலும் நிக்காது. புதுசு வாங்கிடுங்க."

இவர் ஹீட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் ஓடுச்சே. அவ கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது."

அவ. பேர்கூட வேண்டியதில்லை. என்னைப் பற்றி வெளியாரிடம் சொன்னால் 'எங்க வீட்ல' என்பார். நான் வீடு. அவள்தான் அவ.

"ஏன், எனக்குக் கடை ஏறத் தெரியாதா?" என்றேன். மெக்கானிக் ஸ்பேனரை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

நவம்பர் 8, சனி

அடுப்பில் வெந்நீர் வைத்து, பதமாக விளாவி, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். "தேங்க்ஸ் சித்தி" என்றாள் பாப்பா, பஸ்ஸில் இடம் கொடுத்தவளிடம் சொல்வது போல.

நவம்பர் 9, ஞாயிறு

கடைக்குப் போனோம். இவர் நேராகப் பழைய கம்பெனி ஹீட்டர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

விற்பனைப் பையன் என்னிடம், "இதுக்கு முன்னாடி எது மேடம் வெச்சிருந்தீங்க?" என்றான்.

"நான் எதுவும் வெக்கல. வெச்சிருந்ததுல குளிச்சேன், அவ்வளவுதான்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "உனக்கு எது பிடிக்குதோ அதையே எடு" என்றார். குட்டையாக, உருண்டையாக ஒன்றை எடுத்தேன். அது நல்லதா கெட்டதா, யாருக்குத் தெரியும்? அவளுடையது மாதிரி இல்லை. எனக்கு அது போதும்.

வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இவர் அலுவலகத்தில், பாப்பா பள்ளிக்கூடத்தில். வேண்டுமென்றே அந்த நேரத்துக்குத்தான் மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன்.

பழையதை இறக்கி வாசலில் சாய்த்து வைத்தார். "இதுல ஏதோ எழுதியிருக்கும்மா. வேணுமா, எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எடுத்துட்டுப் போங்க."

யோசிக்கவே இல்லை. எடுத்துட்டுப் போங்கன்னு என் வாயாலதான் சொன்னேன். அவர் அதை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷமாக நான் இந்த வாசலில் நின்றதில்லை.

உள்ளே வந்து பார்த்தால் – புதிய ஹீட்டர் குட்டை அல்லவா, அதைச் சுற்றிப் பழைய ஹீட்டர் இருந்த இடம் மட்டும் ரோஸ் நிறத்தில் தெரிகிறது. மற்ற சுவரெல்லாம் எப்போதோ வெள்ளை அடித்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் மட்டும் அடிக்கவில்லை. போனவள் இடத்தைக் காலி பண்ணாமலே போயிருக்கிறாள்.

சாயங்காலம். பாப்பா வந்தாள், கை கால் கழுவக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர்ச் சத்தமே இல்லை. வெளியே வந்து, "பழசு எங்க சித்தி?" என்றாள்.

"மெக்கானிக் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"ஓ" என்றாள். அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், சத்தம்கூட வராமல்.

இவரிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஒரு சண்டை போடுங்களேன், மனுஷன்தானே நீங்க?

நவம்பர் 14, வெள்ளி

பாப்பா புது ஹீட்டரைத் தொடுவதே இல்லை. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர். மக்கில் மொண்டு மொண்டு வேகமாக ஊற்றும் சத்தம், ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுக்கும் சத்தம். நான் வெளியே துண்டோடு நிற்கிறேன். சுடச்சுடத் தண்ணீர் வருகிற குழாய் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரிடம் காட்டுகிறாள் வீம்பு? என்னிடம்தான். வேறு யார் இருக்கிறார்கள் இங்கே?

நவம்பர் 16, ஞாயிறு

பாப்பா அவள் மாமாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. மாமா என்றால் அக்காவின் தம்பி. என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"நான் அங்கயே வந்து படிக்கிறேன் மாமா. இங்க எனக்குன்னு ஒண்ணுமில்ல."

அடுத்த ஞாயிறு அழைத்துப் போக வருகிறாராம். இவருக்கும் தெரிந்திருக்கிறது. "கொஞ்ச நாள் போய் இருக்கட்டும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

போகட்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் நானும் இவரும் மட்டும். இதற்குத்தானே ஆசைப்பட்டாய்? அப்புறம் பாத்திரம் விளக்கும்போது பொத்துக்கொண்டு வந்தது. ஒண்ணுமில்லையாமே! காய்ச்சல்ல மடியில போட்டு உக்காந்திருந்தது யாரு? கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் கூடவே முழிச்சிருந்தது யாரு? ரெண்டு வருஷமா டிபன் கட்டிக் கொடுத்த கை ஒண்ணுமில்ல, ஒரு வரி மார்க்கர்ல எழுதின கைதான் எல்லாமா? எரியுது. அடிவயிறு எரியுது. செத்தவளோட போட்டி போட்டு யாராவது ஜெயிச்சதுண்டா?

நவம்பர் 17, திங்கள்

அந்த ஹீட்டரைத் தேடி ஏன் போனேன்? பயந்துதான் போனேன். பாப்பா போய்விட்டால், சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் நான் யாருக்காக வாசலைப் பார்ப்பது?

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். கடையைத் தேடிப் பிடித்தால், கடைக்காரர் பல் குத்திக்கொண்டே, "உள்ள இருந்ததைப் பிரிச்சாச்சும்மா. மேல் தகடு அந்தக் குவியல்ல கிடந்தாலும் கிடக்கும்" என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினேன். ஃபேன் இறக்கை, சைக்கிள் மட்கார்டு, யார் வீட்டு அலமாரிக் கதவோ. கை கிழிந்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது கிடைத்தது. வளைந்து, நசுங்கி, உட்பக்கம் மஞ்சள் பஞ்சு ஒட்டிக்கொண்டு. எழுத்து அப்படியே இருந்தது.

என் சக்களத்தியை நானே ஆட்டோவில் ஏற்றி, மடியில் வைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான். மேடு பள்ளத்தில் தகடு கீறாமல் இருக்க இரண்டு கையாலும் வேறு பிடித்துக்கொண்டேன்.

பாப்பாவின் மேசைமேல் வைத்தேன். வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க கிடைச்சுது?"

"இரும்புக் கடையில."

"நீங்களே போனீங்களா?" என் கையைப் பார்த்தாள். "தெரியாமத்தான குடுத்தீங்க, பரவால்ல சித்தி."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நல்ல பெயரோடு தப்பித்திருக்கலாம்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன். அவர் வேணுமான்னு கேட்டாரு. எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்."

"ஏன்?"

"பொறாமை."

"யாரு மேல? அம்மா மேலயா?" அவளுக்குப் புரியவே இல்லை. "அம்மாதான் செத்துப்போயிட்டாங்களே சித்தி."

"அதனாலதான். உயிரோட இருந்தா நேர்ல போய்ச் சண்டை போட்டிருப்பேன். நாலு தப்பு கண்டுபிடிச்சிருப்பேன். இப்ப உங்கம்மா தப்பே பண்ண முடியாதே. பண்றதெல்லாம் நான்தான்."

பாப்பா தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அம்மா பயங்கரமா கத்துவாங்க" என்றாள். "அப்பாவை ஒரு தடவை ஈரத் துண்டால அடிச்சிருக்காங்க."

"நிஜமாவா?"

"சத்தியமா."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், உடனே அழுதாள். கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மஞ்சள் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

குளியலறைக் கதவிடுக்கில் ஆவி.

நவம்பர் 23, ஞாயிறு

மாமா வந்தார், பெட்டி ஏற்ற வண்டியோடு. பெட்டி இல்லை.

"பரீட்சை வருது மாமா. லீவுக்கு வர்றேன்."

"லீவுக்கு மட்டுமா? போன்ல வேற சொன்னியே."

"சொன்னேன். இப்ப இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைக்கு மருந்து ஏதும் வைத்துவிட்டேனோ என்று. நான் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். இவர் அன்றைக்கெல்லாம் என் பின்னாலேயே சுற்றி வந்து, பாத்திரம் துடைத்து வைத்தார்.

டிசம்பர் 27, சனி

பாப்பா மாமா வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. அடுத்த ஞாயிறு வருகிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இன்று போனில் ஒரே உற்சாகம்.

"சித்தி, அத்தை எனக்குப் புது மாதிரி தலை பின்னி விட்டாங்க. சூப்பரா இருக்கு."

"ஓ. அப்படியா."

"போட்டோ அனுப்புறேன், பாருங்க."

வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வகிடு கோணல். இவரிடம் நீட்டினேன். "பொண்ணு அழகாச் சிரிக்கிறா" என்றார். சிரிப்பையா பார்க்கச் சொன்னேன்? வகிட்டைப் பாருங்க.

மறுபடியும் அவளே கூப்பிட்டாள். "ஸ்கூல் திறந்ததும் நீங்க இதே மாதிரி பின்னி விடுவீங்களா சித்தி?"

இதே மாதிரியா? அப்படி என்ன பெரிதாகப் பின்னிவிட்டாளாம் அந்த அத்தை? வரட்டும். அதைவிட நன்றாகப் பின்னுவேன்.