மிஷின் சத்தம் போன பிறகு

புதன், இரவு.

நிட்டிங் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பியிருந்த பழைய வாய்ஸ் மெசேஜை மகள் லேப்டாப்பில் போட்டு, இரைச்சலை நீக்கி, இன்று சுத்தம் செய்து முடித்தாள். அவர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்துவார். குரல் உடையும், பின்னால் மிஷின் இரையும். "வெளிய வந்து பேசுங்க" என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

"இப்பக் கேளும்மா, தெளிவா இருக்குது" என்றாள். மிஷின் சத்தம் துளியும் இல்லை. அந்த அமைதியில் யாரோ ஒருத்தர், "ஏம்புள்ள, சாப்டியா?" என்று என்மேல் எரிந்து விழுகிறார். வீட்டில் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷன்.

"பழசையே வெச்சிரு கண்ணு" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து செய்தாளாம்.

இப்போது பழசைப் போட்டேன். மிஷின் இரைச்சலுக்குள்ளிருந்து கேட்டார். நானும் கத்தித்தான் சொன்னேன், "சாப்டேனுங்க!"