டியூ இல்லாத வண்டி

ஜூன் 4, திங்கள்

காலையிலேயே அனல். அக்னி நட்சத்திரம் முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது. வெயில் காலண்டர் பார்ப்பதில்லை. கம்பெனியில் இரண்டாம் சூளையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை லோடு, ஒரு தட்டு முழுக்கக் கொப்புளம். எவனோ சூட்டை அவசரமாக ஏற்றியிருக்கிறான். கேட்டால் எல்லோரும் கரண்ட் மேல் பழி போடுகிறார்கள்.

வீட்டில் பெரிய செய்தி. கார் வாங்குவது முடிவாகிவிட்டது. புது வண்டி, சின்னது, வெள்ளை. லோன் கிடையாது. அப்பாவின் ரிட்டயர்மெண்ட் பணம், ரெடி கேஷ்.

காரணம் அக்கா. 24-ஆம் தேதி திட்டக்குடியில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். அவளுக்கு பஸ் ஏறினாலே வாந்தி. கல்யாணத்தன்று நாம் வாடகைக்கு எடுத்த அம்பாசிடர் பெண்ணாடம் ரயில்வே கேட்டில் நின்றுபோய், அக்கா பட்டுப்புடவையோடு மினி லாரியில் போய் இறங்கினாள். அதை அவள் மாமியார் இன்றுவரை விட்டபாடில்லை. அப்பா காதில் விழாத மாதிரி இருப்பார். விழுந்திருக்கிறது.

நிபந்தனை: வண்டி கைக்கு வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. அம்மாவுக்குத் திருஷ்டி பயம். அப்பாவுக்கு வேறு பயம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நல்ல கனத்தில் ஒரு சங்கிலி என்று அக்கா மாமியார் போன மாதம் ஜாடை பேசிவிட்டுப் போனாள். இங்கே மொத்தமாகப் பணம் இருப்பது தெரிந்தால் ஜாடை போய் நேராகவே கேட்பாள். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. கார் சங்கிலியாகிவிடும், அக்கா பஸ்ஸில் வருவாள்.

பணம் வண்டியாக மாறிவிட்டால் யாரும் அதைக் கழுத்தில் போட முடியாது. அதனால் சீக்கிரம்.

ஜூன் 6, புதன்

அரை நாள் லீவு. கடலூர் ரோட்டில் ஷோரூம். ஏ.சி. ஜோர். டை கட்டிய சேல்ஸ்மேன், பெயர் ரகு, என் வயதுதான். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது, எழுந்து நின்று வணக்கம் சொன்னானாம்.

ரெடி கேஷ் என்றதும் ரகு முகம் வாடியது. லோன் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்குக் கமிஷன். லோன் என்றால் வண்டி சீக்கிரம் வரும் என்றான். எப்படி என்று கேட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

பிறகு ஒரு விண்ணப்பம், முன்னும் பின்னும் அச்சடித்தது. பெயர், விலாசம், போன் சரி. மாத வருமானம்? நிலம் எவ்வளவு? கல்யாண நாள்? வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள்? கார் வாங்கக்கூடிய சொந்தக்காரர் பெயர், நம்பர்? கடனே வாங்காதவனுடைய வருமானம் இவனுக்கு எதற்கு.

"எல்லா கஸ்டமரும் குடுக்கறதுதான் சார்."

"குடுக்கட்டும். நாங்க காசு குடுக்கறோம், நீங்க வண்டி குடுங்க."

அப்பா முழங்கையால் இடித்தார்.

எங்கள் கம்பெனியில், பீங்கான் மேல் பூசுகிற க்ளேஸ் கலக்கும் இடத்தில் எந்த டிரம்மிலும் பெயர் இருக்காது, நம்பர்தான். கலக்குகிறவருக்கு எந்த நம்பர், எவ்வளவு எடை என்று தெரிந்தால் போதும். உள்ளே என்ன மண், என்ன உப்பு என்று தெரிந்தால் அடுத்த வாரம் பக்கத்து யூனிட்டிலும் அதே பளபளப்பு வந்துவிடும். இதில் யாருக்கும் கோபம் இல்லை, வேலை நடக்கிறது. இங்கேயும் அதே முறை. வண்டியைப் பதிவு செய்ய எது வேண்டுமோ அது மட்டும்.

பான் கார்டு கேட்டான். சட்டப்படி வேண்டும், கொடுத்தோம். விலாசத்துக்கு வாக்காளர் அட்டை, அதுவும் சரி. ரேஷன் கார்டு, பாஸ்புக், ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்து: முடியாது.

வெளியே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். டிக்கி சின்னது. கதவு சாத்தும் சத்தம் நன்றாக இருக்கிறது, டப்பா சத்தம் இல்லை. நாலு தடவை சாத்திப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அப்பா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் திருப்தி.

ஜங்ஷன் பக்கம் டீ, பஜ்ஜி. பஜ்ஜியை வைத்துக் கொடுத்த காகிதம் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். மனைவி, பிள்ளைகள், எல்லோர் வயதும் இருக்கிறது. கடைசிப் பெண்ணின் வயது மட்டும் எண்ணெயில் ஊறிப்போய்த் தெரியவில்லை. இதற்குத்தான் சொன்னேன் என்று அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, இந்த ஆளை எனக்குத் தெரியுமே, தம்பி ரயில்வேயில் இருந்தான் என்று ஆரம்பித்துவிட்டார்.

கொடுத்த இரண்டு ஜெராக்ஸிலும் குறுக்கே கோடு போட்டு 'கார் பதிவுக்கு மட்டும்' என்று எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 8, வெள்ளி

சாயங்காலம் தூறல் மாதிரி நாலு சொட்டு. புழுக்கம் இரட்டிப்பு.

அப்பா செல்லுக்கு நேற்றிலிருந்து ஓய்வில்லை. கார் லோன் ஒருவன். ஆயுள் இன்சூரன்ஸ் ஒருவன். சீட் கவர் ஒருவன். நான் என்றால் ஒரே வார்த்தையில் வைத்துவிடுவேன். அப்பா எல்லோரிடமும் ஊர் விசாரிக்கிறார். சென்னையிலிருந்து லோனுக்குப் பேசிய பெண் மங்கலம்பேட்டைக்காரியாம், அவள் அப்பா சவுதியில் இருக்கிறாராம். சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னது: "லோனு வாணாம்மா. வேற எதுனா வேணும்னா கேளு."

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் அப்பாவின் பென்ஷன் தொகையைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். எப்படி?

"கட்டம் காலியா கெடந்துது. நான்தான் ரொப்பிக் குடுத்தேன்" என்றார் அப்பா. குற்ற உணர்ச்சியே இல்லை. ஸ்டேஷனில் ரயில் வந்த நேரம், போன நேரம் எழுதியே ரிட்டயர் ஆனவர். "காலி வுட்டா மெமோ குடுப்பாங்கடா."

எல்லாக் கட்டமுமா?

எல்லாம்தான். கல்யாண நாள்கூட. அம்மாவுக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம், தேதியைச் சரியாக எழுதினீர்களா என்றாள்.

சொந்தக்காரர் கட்டத்தில்?

"மாப்ள நம்பரு. அவரும் கார் வாங்கக்கூடிய ஆளுதானே." பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா தோசையைத் திருப்ப மறந்தாள்.

மாமா, அக்கா வீட்டுக்காரர், திட்டக்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். ஊரே வந்துபோகிற கடை. சாயங்காலம் கல்லாவில் அவர் அம்மா.

கருகின தோசை எனக்கு.

ஜூன் 9, சனி

ஷோரூம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். விண்ணப்பத்தைக் கேட்டேன். ஃபைலுக்குப் போய்விட்டது என்றான் ரகு. ஃபைலிலிருந்து எடுங்கள் என்றேன். மேனேஜர் வந்தார். கொடுக்காவிட்டால் புக்கிங் கேன்சல், அட்வான்ஸை இப்போதே எண்ணி வையுங்கள் என்றேன். உட்காராமல்தான் சொன்னேன். காகிதம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். பெயர், விலாசம், போன் மட்டும் போட்டுப் புது விண்ணப்பம் எழுதினேன். ஜெராக்ஸிலும் கோடு போட்டாயிற்று. ஏற்கெனவே லோன் கம்பெனிக்குப் போனதை ஒன்றும் செய்ய முடியாது. இனி யாருக்கும் போகக் கூடாது என்று மேனேஜர் கையால் எழுதி வாங்கினேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ரகு நல்ல செய்தி மாதிரிச் சொன்னான். "திட்டக்குடிக்கு நேத்தே பேசிட்டேன் சார். உங்க மாமா ரொம்ப நல்லா பேசினாரு."

என்ன பேசினார்? சிரித்தாராம்.

ஜூன் 10, ஞாயிறு

தி.குடியிலிருந்து போன் இல்லை. ஞாயிறு என்றால் அக்கா பேசுவாள். பேசவில்லை. அம்மா போன் பக்கத்திலேயே முருங்கைக்கீரை ஆய்ந்தாள். சங்கிலிக்கு என்ன விலை ஆகும் என்று அப்பா பொதுவாகக் கேட்டார். எனக்கு எரிச்சல். அப்பா மேல் இல்லை. கட்டம் போட்டு அச்சடித்தவன் மேல்.

ஜூன் 12, செவ்வாய்

சூளை இன்று நன்றாக வந்தது. தட்டுக்குத் தட்டு பால் மாதிரி.

மத்தியானம் கம்பெனி கேட்டில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். போனால் மாமா. உர மூட்டை எடுக்க விருத்தாசலம் வந்தாராம். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, ரகசியம் மாதிரிக் குனிந்தார்.

"என்னா கலரு மச்சான்?"

வெள்ளை என்றேன்.

"வெள்ளயா? அழுக்குத் தெரியுமே." உண்மையான வருத்தம்.

பிறகு எல்லாம் சொன்னார். ரகு போன் செய்தபோது அவர் அம்மா பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். யார் என்று கேட்டிருக்கிறாள். பொட்டாஷ் கம்பெனிக்காரன் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் சொல்லவில்லை, சங்கிலிப் பேச்சு அவருக்கும் பிடிக்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. "உங்க அக்கா வாய் தொறக்காது. மூஞ்சி சொல்லிப்புடும்." ஞாயிற்றுக்கிழமை ஏன் போன் இல்லை என்று கேட்டேன். ரீசார்ஜ் செய்ய மறந்தாராம்.

வண்டியைப் பார்க்க வேண்டும் என்று அடம். பர்மிஷன் போட்டு ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவி, டிக்கியைத் திறக்கிற லீவர் எங்கே என்று கண்டுபிடித்து, மூன்று முறை திறந்து மூடினார். சேல்ஸ்மேன் ரகு அவரிடமும் ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். நான் பார்த்த பார்வையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் சொன்னதும் அப்பா இரண்டு தரம் சாப்பிட்டார்.

ஜூன் 19, செவ்வாய்

பதிவுக்குப் போகும் தாளைக் காட்டச் சொன்னேன். காட்டமாட்டோம் என்றார்கள். காட்டினார்கள். அடமானம் யாருக்கு என்ற இடத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனி பெயர் டைப் ஆகியிருக்கிறது. நாங்கள் ஒரு பைசா கடன் வாங்காத கம்பெனி. டைப் அடிக்கிற அம்மா பயந்துவிட்டார்கள். "எல்லா வண்டிக்கும் அதான் சார் வரும். கை பழக்கத்துல அடிச்சிட்டேன்." இந்த ஊரில் கடன் இல்லாமல் கார் எடுப்பவன் அவ்வளவு அபூர்வம். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஆர்.சி. புக்கில் அப்பா பெயருக்குக் கீழே எவனோ குந்தியிருப்பான். திரும்ப அடிக்க வைத்தேன். அந்த அம்மாவிடம் மட்டும் நன்றி சொன்னேன்.

ஜூன் 22, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. வண்டி வந்துவிட்டது.

எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி. அம்மா அரக்குப் பட்டு. அட்டையில் வெட்டிய ஆள் உயரச் சாவியோடு போட்டோ எடுக்க ரகு கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டில் பேனர் வைப்பார்களாம், பெயர், ஊரோடு. முடியாது என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை! பட்டு கட்டிக்கொண்டு வந்ததே அதற்குத்தான் போல. கடைசியில் அட்டைச் சாவியை மட்டும் இரவல் வாங்கி, நம் கேமராவில், நம் பிலிம் ரோலில், அப்பாவும் அம்மாவும். ரகுதான் எடுத்தான். நன்றாகவே எடுத்தான். ரகு பரவாயில்லை.

ஓட்டியது நான். கம்பெனி வேனை ஷெட்டுக்கும் குடோனுக்கும் ஓட்டிய கை, லைசென்ஸும் இருக்கிறது. கார் எலி மாதிரி திரும்புகிறது. இரண்டு நாள் பக்கத்துத் தெரு நண்பன் ஷெட்டில், தார்ப்பாய் போட்டு.

வாங்க: ஏலக்கி வாழை, பூ, கண்ணாடி வளையல் பெட்டி, பெட்ரோல், அக்காவுக்குத் தலையணை.

ஜூன் 24, ஞாயிறு

இப்போதுதான் உட்கார்ந்தேன். கை வலி.

பெண்ணாடம் கேட் மூடியிருந்தது. அப்பா இறங்கி, தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். கூட்ஸ் போனது. கேட் திறந்ததும் நான் ஒரே உறுமலில் எடுத்தேன். மெதுவாகப் போடா என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே.

தி.குடி தெருவில் வண்டி நின்றதும் பந்தலில் இருந்த கூட்டம் பாதி வெளியே. மாமா, "என்ன மாமா, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே" என்று கையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடி வந்தார். கேவலமான நடிப்பு. அதோடு நிற்காமல் நேரே கை விட்டு லீவரை இழுத்து டிக்கியைத் திறந்து தட்டுகளை இறக்கினார். அவர் அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்தாள், கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி.

"மாசம் எவ்ளோ டியூ அண்ணே?"

"டியூ இல்லீங்க சம்பந்தி."

"எல்லாம் ரொக்கமா?"

"ஆமாங்க."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பானெட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "அப்ப சங்கிலி கெடயாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "கெடயாதுங்க. இருந்ததுல பொண்ணுக்கு வண்டி எடுத்துட்டேன்."

அப்பா. என் அப்பா. இல்லை என்று சொல்லிவிட்டார், குரல்கூட மாறவில்லை. அந்தம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "பொட்டாஷ் கம்பெனி போனு பண்ணப்பவே நெனச்சேன்" என்றாள். மாமா வாழைத்தாரின் பின்னால் மறைந்துகொண்டார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அக்காவின் இரண்டு கையும் முழங்கை வரை வளையல். வளைகாப்பு முடிந்து கிளம்பும் பெண் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். கேட்க ஆயிரம் கேள்வி அவளுக்கு, வண்டி ஏது, எப்போது, எப்படி என்று. வாய் தவறிவிடாமல் இறுக மூடிக்கொண்டு, சிரிப்பு முட்ட வந்து கதவருகே நின்றாள்.

முன் சீட்டில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில்.

அம்மா தயங்கித் தயங்கி, சம்பந்தி எங்கே என்று கேட்டாள்.

"விருத்தாசலத்துக்கு. எனக்குச் சொல்லாம வாங்குன வண்டியில நான்தான் மொதல்ல உக்காருவேன். எடு தம்பி."

எடுத்தேன். அப்பாவும் மாமாவும் பஸ்ஸில் வந்தார்கள். பள்ளம் வந்தபோதெல்லாம் பின்னால் வளையல் கலகலத்தது. வாந்தி இல்லை. தலையணை தேவைப்படவில்லை, அக்கா அம்மா தோளில் தூங்கிவிட்டாள்.

சாப்பாடு ஆகிவிட்டது. மாமியார் இன்னும் கிளம்பவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாமா என்கிறாள். வாசலில் ஹாரன். யார் அடிப்பது? அவளேதான், உள்ளே ஏறிவிட்டாள். மீதி நாளைக்கு.